பரபரப்பான சாலையோரம் சைக்கிள் பாதை வருகிறது என்றால் வரைபடத்தில் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: வண்டி ஓயாத நாலு வழிச் சாலை ஒன்றின் ஒரு பக்கமாக, நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் சேர்ந்து பயன்படுத்த 3 மீட்டர் அகலத்தில் புதுப் பாதை வரப்போகிறது. வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். இது உருப்படியான திட்டம்தானா, கருத்து சொல்லும்போது எதைக் கேட்க வேண்டும்? தெரு வடிவமைப்பு வேலையில் பல வருடங்களாக இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பாதை வரட்டும், கண்டிப்பாக வர வேண்டும். ஆனால் வரைபடத்தைக் கையில் எடுத்ததும் நீளமாக, நேராக, பச்சை நிறம் அடித்துக் காட்டியிருக்கும் பகுதிகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அங்கே யார் போட்டாலும் பாதை ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். குறுக்குத் தெரு வந்து சேரும் இடம், சிக்னல், பஸ் ஸ்டாப், பெட்ரோல் பங்க் வாசல், பாலம் தொடங்கும் இடம், இவற்றுக்குப் போங்கள். அந்தப் பச்சைக் கோடு அங்கேயும் தொடர்கிறதா, இல்லை சத்தமில்லாமல் மறைந்துபோய் அடுத்த பக்கம் திரும்பவும் முளைக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளில் போகிறவர் அடிபடுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சந்திப்புகளில்தான். பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று பெற்றோர் முடிவு செய்வதும் இந்த இடங்களை நினைத்துத்தான்.

ஒரே ஒரு குறுக்குத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கார் ஒன்று பெரிய சாலைக்கு ஏற நிற்கிறது. எந்தப் பக்கமிருந்து வண்டிகள் வருமோ அந்தப் பக்கம் மட்டும் ஓட்டுநர் தலையைத் திருப்பி இடைவெளி தேடுகிறார். கிடைத்ததும் கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது, முகம் இன்னும் அதே பக்கம்தான் இருக்கிறது. மறுபக்கமிருந்து பாதையில் வருகிற சைக்கிள் அவர் கண்ணில் படவே இல்லை. அவர் கெட்ட ஓட்டுநர் என்று சொல்ல முடியாது, ஆபத்து எங்கிருந்து வரும் என்று பழகியிருக்கிறாரோ அங்கே பார்க்கிறார், அவ்வளவுதான். சாலையின் ஒரே பக்கத்தில் இருவழிப் பாதை போட்டால் பாதிச் சைக்கிள்கள் இப்படி எதிர்பாராத திசையிலிருந்துதான் வரும். ஒவ்வொரு பக்கமும் ஒருவழிப் பாதையாக இரண்டு பக்கமும் போடுவது பொதுவாகப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஒரு பக்கம் முழுக்க ஆறோ ரயில் பாதையோ கடலோ இருந்து குறுக்குத் தெருவே வராது என்றால் அந்தப் பக்கம் இருவழிப் பாதை அருமையான யோசனை. அப்படியில்லாமல், தெருவுக்குத் தெரு வாசலுக்கு வாசல் வண்டி வெளியே வருகிற பக்கத்தில் இருவழிப் பாதை வருகிறது என்றால், ஏன் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

குறுக்குத் தெருவைப் பாதை எப்படிக் கடக்க வேண்டும்? நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதே உயரத்தில், அதே நிறத்தில், அதே தளத்தில் தொடர்ந்து போக வேண்டும். கார்தான் ஒரு சரிவில் ஏறி, பாதையைக் கடந்து, திரும்ப இறங்க வேண்டும். இது நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் சாதாரணக் காட்சி. வண்டி ஏறி இறங்கும்போது தானாகவே வேகம் குறைகிறது, யாருக்கு முன்னுரிமை என்று பலகை வைத்துச் சொல்லவேண்டிய அவசியமும் குறைகிறது. இன்னொரு வழி, கடக்கும் இடத்தைப் பெரிய சாலையின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கார் நீளம், அதாவது சுமார் 5 மீட்டர், உள்ளே தள்ளி வைப்பது. ஓட்டுநர் முதலில் சைக்கிளையும் நடப்பவரையும் பார்த்துக் கடக்கிறார், அப்புறம் ஒரு கார் நிற்கும் இடத்தில் நின்று பெரிய சாலையைப் பார்க்கிறார். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லி அவரைத் திணற வைக்காமல் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறோம்.

தெருமுனையின் வளைவையும் கவனியுங்கள். வளைவு அகலமாக இருந்தால் பெரிய சாலையிலிருந்து திரும்புகிற கார் வேகத்தைக் குறைக்காமலேயே உள்ளே பாயும். வளைவை இறுக்கினால் மெதுவாகத்தான் திரும்ப முடியும். லாரியும் தீயணைப்பு வண்டியும் திரும்ப வேண்டாமா என்று உடனே பதில் வரும், நியாயமான கேள்விதான். மூலையின் உள்பகுதியில் லேசாக உயர்த்திக் கரடுமுரடான கல் பதித்துவிட்டால் பெரிய வண்டி அதன்மேல் ஏறித் திரும்பிவிடும், கார் அதைத் தவிர்த்து மெதுவாகத் திரும்பும். ரவுண்டானாக்களின் நடுவில் இதே முறை பல நாடுகளில் இருக்கிறது.

சிக்னல் இருக்கும் இடங்களில் கேட்கவேண்டியது நேரத்தைப் பற்றி. சாலையின் அகலம் 14 மீட்டர் என்றால், பல நாடுகளின் சிக்னல் கணக்கில் வைத்துக்கொள்ளும் விநாடிக்கு 1.2 மீட்டர் நடைவேகத்தில் கடக்க 12 விநாடி போதும். கைத்தடி ஊன்றி நடக்கிற ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்குப் பதினேழு, பதினெட்டு விநாடி வேண்டும். பச்சை விளக்கு யாரை மனதில் வைத்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். காத்திருக்கும் நேரமும் முக்கியம். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வைத்தால் ஆட்கள் இடைவெளி பார்த்து ஓடத் தொடங்குவார்கள், அது மனித இயல்பு. இரண்டு கட்டமாகக் கடக்கச் சொல்லி, நடுவில் கம்பி அடைத்த சின்ன இடத்தில் நிறுத்தி, திரும்பவும் பொத்தானை அழுத்தச் சொல்கிற அமைப்பு இருக்கிறதே, அது வண்டிகளின் வசதிக்காகச் செய்தது. நடப்பவருக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை. முடிந்தவரை ஒரே கட்டமாகக் கடக்க வழி கேளுங்கள். திரும்பும் வண்டிகளுக்கும் நேராகப் போகும் சைக்கிளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை கொடுக்காமல் தனித்தனியாகக் கொடுத்தால், லாரி திரும்பும்போது பக்கத்தில் மாட்டிக்கொள்கிற அந்தக் கொடூரமான விபத்து நடக்க வாய்ப்பே குறைந்துவிடும்.

அடுத்தது, சேர்ந்தே பயன்படுத்துவது என்ற யோசனை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும் சாலையோரம் 3 மீட்டர் பொதுப்பாதை போட்டால் நன்றாகவே வேலை செய்யும். கடைகளும் பள்ளிகளும் பஸ் ஸ்டாப்புகளும் இருக்கிற சாலையில் அது இரண்டு தரப்புக்கும் தொல்லை. நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார், நிற்கிறார், திரும்பிப் பேசுகிறார், குழந்தை கையை உதறிவிட்டு ஓடுகிறது. சைக்கிள் மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் வருகிறது, மின்சார சைக்கிள் அதற்கும் மேல். பார்வை இல்லாதவருக்கும் காது கேட்காதவருக்கும் இது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை, அந்தப் பாதையில் வரவே பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பிரிட்டன் அரசு 2020இல் வெளியிட்ட சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டி, சைக்கிளை நடப்பவரைப் போல நடத்தாமல் ஒரு வாகனமாக நடத்தி, நகரத் தெருக்களில் இரண்டையும் பிரித்தே வைக்கச் சொல்கிறது. அதற்கு முன் அங்கேயும் நடைபாதையில் ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டு இந்தப் பக்கம் சைக்கிள், அந்தப் பக்கம் ஆள் என்று எழுதி வைத்ததுதான் வழக்கமாக இருந்தது. அந்தக் கோட்டை யாரும் மதிக்கவில்லை, பார்வையற்றவரின் தடிக்கு அது தட்டுப்படவும் இல்லை. பிரிப்பது என்றால் உயர வித்தியாசத்தால் பிரிக்க வேண்டும். குறைந்தது 60 மில்லிமீட்டர் உயரம் இருந்தால்தான் தடிக்குத் தெரியும்.

அகலத்தைப் பற்றி ஒரு விஷயம். வரைபடத்தில் எழுதியிருக்கும் அகலமும் ஓட்டக் கிடைக்கும் அகலமும் ஒன்றில்லை. பக்கத்தில் சுவரோ வேலியோ இருந்தால் கைப்பிடி இடிக்கும் என்று எல்லோரும் அரை மீட்டராவது தள்ளித்தான் ஓட்டுவார்கள். உயரமான, செங்குத்தான கர்ப் கல் (பாதையின் ஓரத்தில் பதிக்கும் விளிம்புக் கல்) இருந்தால் பெடல் இடிக்கும் என்று 20 சென்டிமீட்டர் விடுவார்கள். இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் 3 மீட்டர் பாதை உண்மையில் 2 மீட்டர் பாதை. கர்ப் கல்லைச் சாய்வாக வைத்தால் அந்த இழப்பு பெருமளவு குறையும், தவறி ஏறினாலும் ஆள் விழமாட்டார். ஒருவழிச் சைக்கிள் பாதைக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3 மீட்டர் என்பது பிரிட்டன் வழிகாட்டி விரும்பும் குறைந்தபட்சம். 2 மீட்டர் இருந்தால்தான் மெதுவாகப் போகிறவரை இன்னொருவர் நிம்மதியாகத் தாண்ட முடியும், தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட முடியும். நடைபாதைக்கு, நம் நாட்டில் சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்வது தடையில்லாத 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போக அது வேண்டும். மின் பெட்டி, பெயர்ப்பலகை, மரம், குப்பைத் தொட்டி எல்லாம் இந்த 1.8க்கு வெளியேதான் இருக்க வேண்டும். வரைபடத்தில் அவற்றைக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள், பல வரைபடங்களில் குறித்திருக்கவே மாட்டார்கள்.

பாதைக்கும் வண்டிகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகச் சாலை என்றால் அரை மீட்டர் போதும், 80 என்றால் 2 மீட்டராவது வேண்டும். பெரிய லாரி தாண்டும்போது வருகிற காற்றே சைக்கிளை ஆட்டிவிடும், மழையில் தெறிக்கும் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். பாதைக்கு ஓரமாகக் கார்கள் நிறுத்தும் இடம் இருந்தால் கதவு திறக்கும் அகலத்தையும் விட வேண்டும்.

இவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? நாலு வழிச் சாலையில் ஒவ்வொரு வழியும் 3.5 மீட்டர் இருந்தால் அதை 3 மீட்டராகக் குறைத்தாலே 2 மீட்டர் கிடைத்துவிடும். பஸ்ஸும் லாரியும் போகிற ஓர வழியை மட்டும் கொஞ்சம் அகலமாக விட்டுக்கொள்ளலாம். வழி குறுகினால் வண்டிகளின் வேகமும் கொஞ்சம் குறையும், அது இழப்பு இல்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவும் போதாவிட்டால் ஒரு வழியையோ பார்க்கிங் வரிசையையோ எடுக்க வேண்டியிருக்கும், சண்டை தொடங்குவது இங்கேதான். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் ஒன்று போட்ட கணக்கு இந்தச் சண்டைக்கு உதவும்: ஒரே அகலமுள்ள ஒரு வழியில் தனியார் கார்கள் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுபோகும், அதே அகலத்தில் தடுப்புள்ள இருவழிச் சைக்கிள் பாதை 6,500 முதல் 7,500 பேரைக் கொண்டுபோகும். நாளைக்கே அத்தனை பேர் வந்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, இடத்தின் கொள்ளளவு அவ்வளவு. கடைக்காரர்களின் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. டொராண்டோவின் புளூர் தெருவில் 2016இல் சைக்கிள் பாதை போட்டபோதும் இதே பயம் இருந்தது. முன்னும் பின்னும் எடுத்த ஆய்வில் வாடிக்கையாளர்கள் வரும் தடவையும் செலவழிக்கும் பணமும் கூடியிருந்தன. சரக்கு இறக்க இடம் எங்கே, எந்த நேரத்தில் என்பதை வரைபடத்திலேயே தீர்த்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். தீர்க்காவிட்டால் வேன் பாதையின் மேல்தான் நிற்கும்.

பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் பாதை நிறுத்தத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும், பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் மோதலே வராது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் நடைபாதைக்குப் போகச் சைக்கிள் பாதையைத் தாண்டியாக வேண்டும். பார்வையற்றோர் அமைப்புகள் இந்த வடிவமைப்பைப் பற்றிப் பல நாடுகளில் கடுமையாகக் கவலை தெரிவித்திருக்கின்றன, அதில் நியாயம் இருக்கிறது. தாண்டும் இடத்தில் சைக்கிள் பாதையை நடைபாதை உயரத்துக்கு ஏற்றி, பாதையைச் சற்றுக் குறுக்கி, தொட்டு உணரும் புடைப்பு டைல்ஸ் பதித்து, நடப்பவருக்கு முன்னுரிமைக் கோடு போட வேண்டும். பஸ் வந்து நிற்கும் மேடை சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும், அதற்கு 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். இந்த அளவுக்கு இடம் இல்லாத நிறுத்தத்தில் வற்புறுத்தாமல் வேறு ஏற்பாடு யோசிப்பது நல்லது. உள்ளூர் மாற்றுத் திறனாளிகளை வரைபட நிலையிலேயே கூப்பிட்டுக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிள் பாதைக்கு இயந்திரம் வைத்துப் போட்ட தார்த் தளம்தான் சரி. பேவர் பிளாக் போட்ட அன்று அழகாக இருக்கும், ஒரு மழைக்காலம் போனால் கல்லுக்குக் கல் ஏறி இறங்கும், சின்னச் சக்கரம் உள்ள வண்டிகளுக்கு அது நரகம். வடிகால் மூடியின் கம்பிகள் பாதைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் டயர் கம்பிகளுக்கு நடுவே இறங்கி ஆள் முன்பக்கமாகத் தூக்கியெறியப்படுவார். சைக்கிள் பாதை சாலைக்கு இறங்கும் இடத்தில் ‘சின்ன’ விளிம்பு விட்டுவிடுவார்கள், ஒரு விரல் உயரம்தான் இருக்கும், சாய்வான கோணத்தில் ஏறும்போது ஈரத்தில் சக்கரம் அதில் வழுக்கிக்கொண்டே போகும். அந்த இடம் முழுக்கச் சமமாக இருக்க வேண்டும். சாலையின் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள், புதுப் பாதையைத் தாழ்வாகப் போட்டுவிட்டால் சாலைத் தண்ணீர் முழுக்க அங்கே வந்து நிற்கும். விளக்குக் கம்பங்கள் சாலையைப் பார்த்துத்தான் நிற்கின்றன, மர நிழலில் பாதை இருட்டாகவே இருக்கும். இரவில் தனியாகப் போகிற பெண்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே சாலையில் இறங்கிப் போவார்கள், அதனால் பாதைக்குத் தனி விளக்கு வேண்டும். கார்கள் ஏறாமலிருக்க நடுவில் கம்பம் நட்டால் கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இடைவெளி இருக்கட்டும், சரக்கு சைக்கிளும் மூன்று சக்கர சைக்கிளும் போக வேண்டுமே. கம்பத்தில் ஒளிரும் பட்டையும் வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பாதையின் இரண்டு முனையும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைக் கேட்காமல் விடாதீர்கள். 1970களின் பின்பாதியில் நெதர்லாந்து அரசு ஹேக், டில்பர்க் நகரங்களில் மாதிரிச் சைக்கிள் பாதைகளை நல்ல தரத்தில் போட்டுப் பார்த்தது. பாதைகளில் கூட்டம் கூடியது, ஆனால் நகரத்தில் மொத்தமாகச் சைக்கிள் ஓட்டுவது எதிர்பார்த்த அளவு கூடவில்லை. அடுத்த பத்தாண்டில் டெல்ஃப்ட் நகரத்தில் விட்டுப்போன இணைப்புகளைத் தேடித் தேடிப் போட்டு வலையமைப்பாக ஆக்கியபோது பலன் தெரிந்தது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007 வாக்கில் சுமார் 80 கிலோமீட்டர் பாதையைத் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே மூச்சில் இணைத்துப் போட்டது. ஒரு சதவீதம்கூட இல்லாத சைக்கிள் பயணம் சில வருடங்களில் 6 சதவீதத்துக்கு மேல் போனது. உங்கள் சாலைக்கு உடனே இத்தனை கிடைக்காது, சரி. பக்கத்துப் பள்ளி, ரயில் நிலையம், சந்தை, மருத்துவமனை வரைக்குமான கடைசி இருநூறு மீட்டரை இதே திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அது கிடைத்தால் யார் எதற்கு இந்தப் பாதையில் வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

எல்லாரும் சந்தேகப்பட்டுத் திட்டம் தள்ளிப்போகிற நிலை வந்தால், தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பெர்லினிலும் பாரிஸிலும் தடுப்புகளும் பெயிண்டும் வைத்து மிகக் குறைந்த நாட்களில் பாதைகள் போட்டார்கள், பல பின்னால் நிரந்தரமாயின. தற்காலிகப் பாதையில் எங்கே வேன் நிற்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தத் திருப்பத்தில் கார் கோட்டைத் தாண்டுகிறது என்பதெல்லாம் கண்ணால் தெரிந்துவிடும், கான்கிரீட் போட்டபிறகு தெரிவதைவிட இது எவ்வளவோ மேல். தொடங்குவதற்கு முன்பே ஆட்களை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். மொத்த எண்ணிக்கையோடு பெண்கள், சிறுவர், முதியவர் எத்தனை பேர் என்றும் தனியாக எண்ண வேண்டும், பாதை நிஜமாகவே பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை அந்த எண்கள்தான் சொல்லும்.

கருத்து எழுதும்போது ‘பாதுகாப்பான பாதை வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். இன்ன குறுக்குத் தெருவில் பாதை எந்த உயரத்தில் கடக்கிறது, இன்ன பஸ் ஸ்டாப்பின் பின்னால் மிச்சமிருக்கும் அகலம் எவ்வளவு, இன்ன சிக்னலில் நடப்பவருக்கு எத்தனை விநாடி என்று இடத்தின் பெயரோடு கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் அளந்து பதில் சொல்லியாக வேண்டும். கூடவே இரண்டு கேள்வி: பாதையைப் பெருக்கவும் பழுதுபார்க்கவும் எந்தத் துறைக்கு ஒவ்வொரு வருடமும் பணம் ஒதுக்கப்படுகிறது, குழாய்க்காகவோ கேபிளுக்காகவோ தோண்டினால் பழைய தளத்தை முழு அகலத்துக்கும் திரும்பப் போடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இன்னொன்று, வேலை நடக்கும் மாதங்களில் இப்போது அந்தச் சாலையில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் எந்த வழியாகப் போவார்கள் என்பதையும் வரைபடத்தோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள், பள்ளிக்கூட வேலை நாட்களில் அது தினமும் எழப்போகிற கேள்வி.